உன் ஜீப்புக்கு வைத்த மூக்கு

தினேஷ்,

டவர் இருந்திருந்தால் இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருப்பேன். நீயும் பாதியில் "சரிம்மா, மீட்டிங்" என்று வைத்திருப்பாய். காலையிலிருந்து யாருடைய போனிலும் ஒரு கோடு கூட எழவில்லை. அதனால் கீழே மருந்துக் கடையில் நாலைந்து வெள்ளைத் தாள் கேட்டு வாங்கிக்கொண்டு, தாம்பரத்தில் நாம் எப்போதும் வரும் ஆஸ்பத்திரியின் முதல் மாடி வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறேன். புடவை முழுக்க ஈரம். உன் அக்கா வித்யாவை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். டாக்டர் குறித்த நாளுக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது. குழந்தை அதற்குக் காத்திருக்கவில்லை. பனிக்குடம் உடைந்து வெகுநேரம் ஆகிவிட்டதாம், குழந்தையின் இதயத்துடிப்பு ஏறி இறங்குகிறதாம், ஆபரேஷன் செய்துதான் எடுக்க வேண்டுமாம். மாப்பிள்ளை குன்றத்தூர்ப் பக்கம் தண்ணீரில் மாட்டிக்கொண்டிருக்கிறார் போலிருக்கிறது, தகவல் இல்லை. கையெழுத்தை நான்தான் போட்டேன். அப்பா கீழே உன் ஜீப்பில் உட்கார்ந்திருக்கிறார். வந்ததிலிருந்து என்ஜினை அணைக்கவில்லை. அணைத்தால் மறுபடி கிளம்பாதாம். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னால் என்ன செய்வது என்கிறார். வாட்ச்மேன் இரண்டு தடவை வந்து சத்தம் போட்டும் ஆள் அசையவில்லை. அந்த டடடட சத்தம் ஜன்னல் வழியாக எனக்குக் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

சும்மா உட்கார்ந்திருந்தால் மனம் கண்டதையும் நினைக்கிறது. அதற்கு உனக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடிக்கலாம். ஞாயிற்றுக்கிழமை ஜீப்பைப் பார்க்க யாரோ வருகிறார்கள் என்றாயே, அவர்களைக் கொஞ்சம் நிறுத்திவை. இடது பக்க மட்கார்டில் ஒரு ஓட்டை இருக்கிறது. வட்டமான ஓட்டை, என் கை தாராளமாக நுழையும். துருப்பிடித்து விழுந்ததும் இல்லை, யாரும் இடித்ததும் இல்லை. நான்தான் போட்டேன். அதற்குள்ளிருந்து ஒரு குழாய் கிளம்பி முன்கண்ணாடி ஓரமாகக் கூரை உயரத்துக்கு நிற்கிறது. நீ கோபப்படுவாய் என்று தெரியும். கோபப்படுவதற்கு முன்னால் முழுதாகப் படித்துவிடு. படித்துவிட்டு, தை மாதம் நீ கட்டிக்கொள்ளப் போகிற பெண்ணிடமும் கொடு. அவளுக்கும் சில இடங்கள் உபயோகப்படும்.

எல்லாம் அக்காவின் வளைகாப்பில் ஆரம்பித்தது. நீ புனேயிலிருந்து வரமுடியவில்லை, வீடியோவில் பார்த்தாய். வீடியோவில் வராதது ஒன்று இருக்கிறது. சாப்பாட்டுப் பந்தி முடிந்து, பெண்ணை அழைத்துக்கொண்டு கிளம்பும் நேரத்தில் அவளுடைய மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டு தயங்கித் தயங்கிச் சொன்னார். "தப்பா எடுத்துக்காதீங்க சம்மந்தி. பிரசவம் கார்த்திகை மாசத்துல வருது. உங்க பக்கம் ஏரித் தண்ணி வந்துடுமேன்னுதான் பயமா இருக்கு. நாங்க மேட்டுல இருக்கோம். இங்கேயே இருக்கட்டுமே, நீங்க வந்து தங்கிக்குங்க." எனக்கு அதில் ஒரு தப்பும் தெரியவில்லை. பீர்க்கன்கரணை ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் எந்தத் தெரு வழியாகப் போகும் என்று அந்த அம்மாவுக்கே தெரிந்திருக்கிறது. சரி என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் உன் அப்பா முந்திக்கொண்டார். "அதெப்படி சம்மந்திம்மா? தலைப்பிரசவம் தாய் வூட்லதான். எங்க வூட்ல ஜீப்பு கீது. ஏரியே ரோட்டுக்கு வந்தாலும் நான் கூட்டினு போய் சேத்துடுவேன். காலம் பூரா கம்பெனி பஸ்ஸு ஓட்டினவன் நானு!" என்றார். பந்தல் முழுக்கக் கேட்டது. நாலு பேர் தலையாட்டினார்கள். அக்காவைப் பார்த்தேன். அவள் கை நிறைய வளையலோடு என்னைப் பார்த்து, "நான் உன்கூட வர்றேம்மா" என்றாள். அத்தனை வருஷம் காத்திருந்து, இரண்டு தடவை கைக்கு எட்டாமல் போய், மூன்றாவதாகத் தங்கிய பிள்ளை. அந்த முகத்தைப் பார்த்து வேண்டாம் என்று எப்படிச் சொல்வேன்? கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

உன் அப்பா சொன்ன அந்த ஜீப்தான் போன வருஷம் அதே தண்ணீரில் மூழ்கியது. மறந்திருக்க மாட்டாய். பால் வாங்கப் போகிறேன் என்று, பால் வேண்டுமென்று யாரும் கேட்காமலே, தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போனாய். தெருமுனையில் நின்றது. நாலு பேர் சேர்ந்து தள்ளிக்கொண்டு வந்தீர்கள். என்ஜின் காற்றை இழுக்கிற வழியில் தண்ணீரைக் குடித்து, உள்ளே ராடு வளைந்துபோனதாக மெக்கானிக் சொன்னார். அப்போது நீ, "அம்மா, ஸ்நார்க்கெல் மட்டும் போட்டிருந்தா ஒண்ணும் ஆயிருக்காதும்மா" என்று போனில் ஒரு படம் காட்டினாய். யானை தும்பிக்கையைத் தூக்கிக்கொண்டு நிற்பது போல ஒரு வண்டி. அது விற்கிற விலையைக் கேட்டுவிட்டு, "மனுஷனுக்கே மூக்கு ஒழுங்கா இல்ல, ஜீப்புக்கு மூக்கு வேணுமாம்" என்று சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. வண்டியைச் சரிசெய்து நிறுத்திவிட்டுப் புனேவுக்குப் போய்விட்டாய். தினமும் காலையில் வாசலில் அதை உறுமவிட்டு நீயும், சமையலறையிலிருந்து "அணைடா அதை" என்று நானும் போட்ட சண்டை அத்தோடு ஓய்ந்தது.

வளைகாப்பு முடிந்து வீட்டுக்கு வந்து, அப்பா நிம்மதியாகச் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு டி.வி. போட்டார். வாக்குக் கொடுத்தவருக்கு வேலை முடிந்துவிட்டது. எனக்கு அன்றுதான் ஆரம்பித்தது. கல்யாணம் ஆன நாளிலிருந்து இந்த வீட்டில் இப்படித்தான். அவர் ஊர் முன்னால் ஒன்றைச் சொல்லிவிடுவார், அது நடக்க வேண்டிய ஏற்பாட்டை நான் செய்வேன். எனக்கு அலுத்துவிட்டது தினேஷ். முழங்கால் வலிக்கிறது, நம் குழாய்க் கடையில் ஸ்டூலில் ஏறி மேல் தட்டிலிருந்து ஒரு பெட்டியை எடுக்க முடியவில்லை. ஆனாலும் மறுநாள் பெருங்களத்தூரில் கடையைத் திறந்து உட்கார்ந்ததும் என் கண் தானாக மூலையில் சாத்தியிருந்த குழாய்களின் மேல் போனது. உன் படத்தில் பார்த்த அந்த மூக்கு என்னதான் அப்படிப் பெரிய விஷயம்? என்ஜின் மூச்சு இழுக்கிற வாயைத் தண்ணீருக்கு மேலே கொண்டுபோய் வைக்க வேண்டும், நடுவில் எங்கும் கசியக்கூடாது. அவ்வளவுதானே. தொட்டியிலிருந்து குழாய்க்குத் தண்ணீர் கொண்டுபோகிறவர்களுக்கு ஆயிரம் தடவை சொல்லிக்கொடுத்திருக்கிறேன். இங்கே தண்ணீருக்குப் பதில் காற்று.

செய்தேன். கனமான சாம்பல் நிறக் குழாய், மூன்று அங்குலம். நீளமான வளைவு ஒன்று, உச்சியில் பின்பக்கம் பார்த்தாற்போல, முழங்கை மாதிரி மடங்கிய ஒரு எல்போ. முன்பக்கம் பார்த்தால் ஓடும்போது மழையை அள்ளிக் குடித்துவிடும் இல்லையா, அதற்காக. ஏர் ஃபில்டர் டப்பாவிலிருந்து மட்கார்டு வரைக்கும் அப்பா நீல நிற ஹோஸ் ஒன்றைக் கொண்டுவந்து மாட்டினார், மொட்டை மாடியில் செடிக்கு விடுவது. என்ஜினைப் போட்டதும் அது உள்ளுக்குள் இழுத்துக்கொண்டு சப்பையாகிவிட்டது. பம்ப்செட்டுக்குத் தண்ணீர் இழுக்கிற ஹோஸ் வேண்டும், உள்ளே சுருள் கம்பி இருக்கும், எவ்வளவு இழுத்தாலும் சப்பையாகாது என்று கடையிலிருந்து ஒரு துண்டு வெட்டிக் கொண்டுவந்து கிளாம்ப் போட்டு முடுக்கினேன். மட்கார்டில் ஓட்டை போட்டதுதான் மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. தண்ணித் தொட்டியில் ஓட்டை போடுகிற வட்ட பிளேடுதான். தகடு கத்தும்போது நீயே கத்துவது போல இருந்தது. வெட்டிய ஓரத்துக்கு ரெட் ஆக்சைடு அடித்திருக்கிறேன், துருப்பிடிக்காது. அப்பா முழுக் குழாய்க்கும் கறுப்பு பெயிண்ட் அடித்து, வாசலில் போகிறவர்களிடம் "பையன் ஃபாரின்லருந்து வர வச்சான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். மொத்தமும் கடையில் மீந்துபோன சாமான்.

சரியாகப் பொருந்தியிருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது, நீ காட்டிய படத்துக்குக் கீழேயே எழுதியிருந்தது. என்ஜின் ஓடும்போது குழாயின் வாயை உள்ளங்கையால் மூட வேண்டும். அப்பா ஏறி மூடினார். வண்டி பாட்டுக்கு ஓடியது. "பாத்தியாமே! மூடனாக் கூட நிக்கல. இன்னா ஸ்ட்ராங்கு!" என்று குதித்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. மூடினால் நிற்க வேண்டும் தினேஷ். நிற்கவில்லை என்றால் வேறெங்கோ ஒரு ஓட்டை வழியாக மூச்சு விடுகிறது, தண்ணீரில் இறங்கினால் அந்த ஓட்டை வழியாகவே குடிக்கும் என்று அர்த்தம். அவருக்கு அதைப் புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. கடைசியில் ஃபில்டர் டப்பாவின் அடியில், தூசி விழுவதற்கென்று ஒரு சின்ன ஓட்டையும் அதற்கு ஒரு ரப்பர் மூடியும் இருப்பதைக் கண்டுபிடித்தேன். மூடி வெடித்திருந்தது. அடைத்தேன். மறுபடி மூடிப் பார்த்தோம். சட்டென்று நின்றது. அந்த நிசப்தத்தில் நானும் அப்பாவும் பைத்தியம் மாதிரி கை தட்டினோம். ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

இத்தோடு முடிந்திருந்தால் உனக்கு இவ்வளவு நீளமாக எழுத வேண்டியதில்லை. வண்டியைப் போர்ட்டிகோவில் நிறுத்திவிட்டு அவரவர் வேலையைப் பார்த்தோம். பத்துப் பதினைந்து நாள் யாரும் பக்கத்தில் போகவில்லை. ஒருநாள் அப்பா கத்திய கத்தலில் கரண்டியோடு ஓடினேன். குழாயின் உச்சி எல்போவுக்குள், வாயில் பாதிக்குமேல் அடைத்துக்கொண்டு, குளவி மண்ணால் கூடு கட்டியிருந்தது. நான் துடைப்பத்தை எடுத்தேன். "கைய வைக்காத!" என்றார். எதிரே வந்து குறுக்கே நின்றுவிட்டார். "புள்ளத்தாச்சி இருக்கற வூட்ல குளவி கூடு கட்னா இன்னா அர்த்தம்? சாமி வந்து சொல்லுது, புள்ள நல்லபடியா பொறக்கும்னு. அத்த இடிப்பியா நீ?" என்று கேட்டார். "ஏங்க, வண்டிய எடுத்தா அதுவே இடிஞ்சு உள்ள போயிடுமே" என்றேன். "எடுக்க வேணாம். புள்ள பொறக்கறவரிக்கும் வண்டியத் தொட வேணாம்" என்றார். பிரசவத்துக்காகச் செய்த குழாயைப் பிரசவம் முடியும்வரை தொடக்கூடாதாம். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் துடைப்பத்தோடு நின்றேன்.

உன் அம்மா இதையெல்லாம் நம்புகிறவளா, நீயே சொல். பூனை குறுக்கே போனால் பூனைக்கு ஏதோ அவசரம் என்று சொல்கிறவள். கடையில் எத்தனை குளவிக் கூட்டைத் தட்டியிருப்பேன், கணக்கில்லை. அன்று மத்தியானம் அப்பா தூங்கியதும் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு போனேன். ஸ்டூலில் ஏறி நின்றேன். கூடு ஈரம் காய்ந்து, குழந்தைகள் களிமண்ணில் பிடித்துவைத்த கொழுக்கட்டை போல இருந்தது. அதை நெம்ப வேண்டும், அவ்வளவுதான். கை போகவில்லை. இரண்டாவது தடவை அக்காவுக்கு அப்படி ஆனபோது, இதே ஆஸ்பத்திரியில், இதே வராந்தாவில், அவள் என்னிடம் கேட்டாள்: "நான் ஏதாவது தப்பு பண்ணிட்டேனாம்மா?" அந்தக் கேள்வி மறுபடி என் காதில் விழக்கூடாது. நாளைக்கு ஏதாவது ஒன்று ஆகிவிட்டால், காரணம் டாக்டர் என்னவோ சொல்லட்டும், எனக்குத் தெரிந்தது இந்தக் கூடுதான் என்று சாகும்வரை நினைப்பேன். இறங்கி வந்துவிட்டேன். அக்கா உள்ளேயிருந்து பார்த்திருக்கிறாள். "உடைச்சிட்டியாம்மா?" என்றாள். இல்லை என்றதும் அவள் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. எம்.எஸ்ஸி. படித்தவள். மூன்று பேரும் சேர்ந்து ஒரு குளவிக்குப் பயந்துகொண்டு, மழை தள்ளிப்போகட்டும் என்று வேண்டிக்கொண்டோம்.

மழை தள்ளிப்போகவில்லை. நேற்று சாயங்காலம் ஏரி நிரம்பிவிட்டது என்றார்கள். இன்று விடிந்தபோது கேட் வரைக்கும் தண்ணீர், காபி போடுவதற்குள் போர்ட்டிகோவில், கணுக்காலுக்கு மேல். அக்கா குளியலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, வலி இல்லாமயே தண்ணி போகுதும்மா" என்றாள். போன் எதுவும் வேலை செய்யவில்லை. எதிர்வீட்டு சாமுவேல் சார், ஸ்கூல் வாத்தியாராக இருந்தாரே, அவர் தெருமுனை வரைக்கும் நடந்து பார்த்துவிட்டு வந்து, "படகு எதுவும் இந்தப் பக்கம் வரலக்கா. முனையில இடுப்புக்கு மேல இருக்கு" என்றார். அப்பா ஜீப்பைப் பார்த்தார். குழாயைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பந்தலில் அவ்வளவு சத்தமாகப் பேசிய மனிதர்தான். அவர் கண்ணில் அவ்வளவு பயத்தை நான் பார்த்ததே இல்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. என்ன முட்டாள் நான்! கூட்டை எதற்கு உடைக்க வேண்டும்? காலம் பூரா குழாய் வெட்டி விற்கிறவள், இத்தனை நாள் இது தோன்றவில்லை பார்.

ஆக்ஸா பிளேடை எடுத்துக்கொண்டு சீட் மேல் ஏறி நின்று, எல்போவுக்குக் கீழே குழாயை அறுத்தேன். அப்பா குடை பிடித்தார். குடை எனக்கில்லை, கூட்டுக்கு. அறுந்து வந்ததைப் பச்சைக் குழந்தையை வாங்குவது போல இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு போய் சாமி அலமாரியில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் வைத்தார். மண் ஒரு துளி உதிரவில்லை. புது எல்போ வீட்டிலேயே ஒன்று கிடந்தது. ஆனால் ஒட்டுகிற பசை ஈரத்தில் பிடிக்காது. மழையில் ஒட்டாதீங்க, காயவைத்து ஒட்டுங்க என்று கடைக்கு வருகிறவர்களிடம் தினமும் சொல்கிற வாய் இது. காயவைக்க நேரம் ஏது? அப்படியே அழுத்திச் செருகினேன். இறுக்கமாகத்தான் இருந்தது. அக்காவைப் பின்சீட்டில் நாலு தலையணைக்கு நடுவில் உட்காரவைத்தோம். நான் முன்னால், குழாய் இருக்கிற இடது பக்கம். சாமுவேல் சார் துணி காயப்போடுகிற கழியை எடுத்துக்கொண்டு, யாரும் கேட்காமலே, வண்டிக்கு முன்னால் தண்ணீரில் இறங்கி நடக்க ஆரம்பித்தார். "அண்ணா, என் பின்னாடியே வாங்க. லெஃப்ட்ல கால்வாய் திறந்திருக்கு. நான் குத்திப் பாத்துச் சொல்றேன்."

உன் அப்பாவைப் பற்றி நான் இதுவரை எழுதியதெல்லாம் உண்மை. ஆனால் இன்றைக்கு அவர் ஓட்டியதை நீ பார்த்திருக்க வேண்டும். முதல் கியரில் போட்டு, மிதித்த காலை எடுக்காமல், அவசரப்படாமல், ஒரு அலையை முன்னால் தள்ளிக்கொண்டே போனார். ஹெட்லைட் மூழ்கியது. பானெட் மேல் தண்ணீர் ஏறியது. கால் வைக்கிற இடத்தில் தண்ணீர் வந்து என் முழங்காலைத் தொட்டது. என்ஜின் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. தெருமுனையில், போன வருஷம் நீ நின்ற அதே இடத்தில், ஆட்டத்தில் எல்போ மெல்லத் திரும்ப ஆரம்பித்தது. பின்பக்கம் பார்த்தது பக்கவாட்டில் பார்த்தது, அப்புறம் முன்னால், கொட்டுகிற மழையைப் பார்த்து வாயைத் திறந்துகொண்டது. என்ஜின் இருமியது. வெளியே கையை நீட்டி அதைப் பிடித்துத் திருப்பினேன். பிடியை விட்டால் மறுபடி திரும்புகிறது. உடம்பில் பாதியை வெளியே போட்டு, மழையில் கண் தெரியாமல், அந்தக் குழாயைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். ஒரு குழியில் வண்டி இறங்கியபோது கை வழுக்கி உள்ளங்கை வாயை மூடிவிட்டது. கப்பென்று இழுத்துக்கொண்டது. என்ஜின் திணறியது. எவ்வளவு சரியாகச் செய்திருக்கிறோம் பார், ஒரு கசிவு இல்லை, நிற்கப் போகிறது. "மூடாதமே! மூச்சு உடு! மூச்சு உடு!" என்று அப்பா அலறினார். பிய்த்து எடுத்தேன். ஒரு விக்கல் விக்கிவிட்டு மறுபடி ஓடியது. பின்னால், வழியிலேயே வலி எடுத்துவிட்ட அக்கா புஸ் புஸ் என்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். அப்பா தன்னைத்தான் சொல்கிறார் என்று நினைத்தாளாம். அந்த வலியிலும் பயத்திலும் அவள் சிரித்த சிரிப்பு இப்போதும் காதில் இருக்கிறது. பெரிய ரோடு ஏறியதும் சாமுவேல் சார் கழியை ஊன்றிக்கொண்டு, தலைக்கு மேல் கையெடுத்துக் கும்பிட்டார். நாங்கள் நன்றி கூடச் சொல்லாமல் வந்துவிட்டோம்.

என் உள்ளங்கையில் குழாயின் வாய் பதிந்த வட்டம் இன்னும் சிவப்பாக இருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டே எழுதுகிறேன். உள்ளே போய் இவ்வளவு நேரம் ஆகிறது, ஒரு சத்தமும் வரவில்லை. இரண்டு நர்ஸ் வேகமாக உள்ளே போனார்கள், வெளியே வரவில்லை. எழுதுவதை நிறுத்தினால் கண் அந்தக் கதவிலேயே போய் நிற்கிறது. அதனால் உனக்குக் கொஞ்சம் புத்தி சொல்கிறேன், பொறுத்துக்கொள். கல்யாணத்துக்கு அப்புறம் நாலு பேர் முன்னால் எதையாவது சொல்லிவிடுவதற்கு முன், பக்கத்தில் நிற்கிறவளை ஒரு தடவை திரும்பிப் பார். அவள் வாயைத் திறந்து மூடினால், அதில் ஏதோ இருக்கிறது. உன் வாக்கைக் காப்பாற்ற அவள் ராத்திரி பகல் ஓட வேண்டியிருக்கும். அவளுக்கும் சொல்கிறேன்: ஓடாதே என்று சொல்ல மாட்டேன், ஓடுவாய் என்று தெரியும். ஓடும்போது இது யாருடைய வாக்கு என்று சத்தமாகச் சொல்லிவிட்டு ஓடு. நான் அப்படி ஒருநாளும் சொன்னதில்லை. அப்புறம் தினேஷ், அவளுக்கு ஒரு விஷயத்தில் நம்பிக்கை இருந்தால், அது உனக்கு எவ்வளவு பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்தாலும், உடைப்பதற்கு முன்னால் அறுத்து எடுத்துத் தனியாக வைக்க ஒரு வழி இருக்கிறதா என்று பார். எனக்கே அது இன்றைக்குத்தான் தெரிந்தது.

ஜீப்பை விற்றுக்கொள். நான் குறுக்கே நிற்கவில்லை. வாங்குகிறவரிடம் ஓட்டையைப் பற்றி நானே பேசுகிறேன், குழாயோடு வேண்டுமென்றால் குழாயோடு கொடுக்கிறேன். அடுத்த கார்த்திகைக்கு நான் அந்தத் தெருவில் இருக்கப் போவதில்லை. மேட்டில் வாடகைக்கு ஒரு வீடு பார், சின்னதாக இருந்தால் போதும். அப்பா வரமாட்டேன் என்பார். வருவார். பீர்க்கன்கரணையை விட்டுப் போக எனக்கு மட்டும் மனசா இருக்கிறது? அந்த வீட்டுக்கு ஒவ்வொரு செங்கல்லும் நான் பார்த்து இறக்கியது. ஆனால் போதும் தினேஷ். ஒவ்வொரு வருஷமும் வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார என்னால் முடியவில்லை. நீ வீட்டுக்குப் போனால் சாமி அலமாரியில் இருக்கிறதை மட்டும் தொடாதே.

இரு, கதவு திறக்கிறது.

மேலே எழுதியதற்கும் இதற்கும் நடுவில் எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியவில்லை. "வித்யாவோட வந்தவங்க யாரு?" என்று நர்ஸ் கேட்டாள். உட்கார்ந்தபடியே கையைத் தூக்கினேன், பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி. "பொண்ணும்மா. கொடி சுத்தியிருந்துச்சு. கொஞ்ச நேரம் அழல, டாக்டரம்மா தட்டினதும் அழுதுட்டா. இப்ப நிறுத்த மாட்டேங்கறா. அம்மாவும் நல்லா இருக்காங்க" என்றாள். நான் அழுதேன். நன்றாக, சத்தமாக, பக்கத்து நாற்காலியில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கிற மாதிரி அழுதேன். துணியில் சுற்றி ஒரு நிமிஷம் காட்டினார்கள். மூக்கு உன் அப்பா மூக்கு, சந்தேகமே இல்லை. அக்கா கண்ணைத் திறந்து, "கூடு உடையலியேம்மா?" என்றுதான் முதலில் கேட்டாள்.

ஜன்னல் வழியாக இன்னும் அந்தச் சத்தம் வந்துகொண்டிருக்கிறது. அந்த வண்டியை நீ வாங்கி வந்த நாளிலிருந்து நான் அதைப் பார்த்து ஒன்றே ஒன்றுதான் சொல்லியிருக்கிறேன். இந்தத் தாளை மடித்து வைத்துவிட்டு, மெதுவாகப் படியிறங்கிப் போய், அப்பாவிடமும் அதையே சொல்ல வேண்டும். பேத்தி பிறந்துவிட்டாள், அணைத்துவிடுங்கள் என்று.

அம்மா